பொய் எடத்துல குத்துன ஊசி

பொய் ஊசிங்க... பொய் ஊசி! ஒரு மாசமா என்னைய மல்லாக்கப் போட்டு, காலுலயும் கையிலயும் வயித்துலயும் ஊசி ஊசியா ஏத்திட்டு, நேத்துச் சாயங்காலம் சொல்றாங்க, 'ஐயா, உங்களுக்குக் குத்தினது சரியான இடமில்ல, பொய் இடம்'னு. சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க பாருங்க, அதாங்க எனக்கு... இத எங்க போயி முட்டிக்கிறது? கொஞ்சம் அந்தப் பைய அங்கிட்டு நகத்துனீங்கன்னா கால நீட்டிக்குவேன். ஆங். அப்பாடா. கொழும்புக் கோட்டையில ரயிலு ஏறுனதுலருந்து யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு துடிச்சிக்கிட்டு வாறேன். இந்த எடத்துல முன்னால ஒக்காந்திருந்த மனுசன் ரம்புக்கனையிலயே தூங்கிட்டாரு. தூங்குனாரா, தூங்குற மாதிரி கெடந்தாரா, அது அவருக்கும் ஆண்டவனுக்குந்தான் வெளிச்சம். நல்ல வேளைக்கு நாவலப்பிட்டியில நீங்க ஏறுனீங்க.

எதுவரைக்கும் போறீங்க? நானுஓயாவா? அப்ப நான் எறங்குனதுக்கப்பறமும் நீங்க போகணும். நான் தலவாக்கலை. கணேசமூர்த்தின்னு கேட்டா எங்க தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். தேயில ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற வேல பாத்தேன், இப்ப பென்சன் மாதிரி வீட்டுல. நீங்க கடை வச்சிருக்கீங்களோ? பாத்தோடனே நெனச்சேன். துணிக்கடை! பேரு? ஹமீத். ஆங், ஹமீத் மொதலாளி. நல்லதாப் போச்சு, மகளுக்குக் கல்யாணம், சேலையெல்லாம் எடுத்தாச்சு, இல்லாட்டி ஒங்ககிட்டயே வந்திருப்பேன். அதென்னாங்க பையில, எறால் வடையா? வாசம் இங்க வரைக்கும் தூக்குது. இல்ல இல்ல, வேணாங்க. நீங்க சாப்புடுங்க.

எனக்கு வயிறுங்க மொதலாளி. எல்லாருக்கும் வயிறு இருக்குதான். எனக்கு வயிறு மட்டுந்தான் இருக்கு, மத்ததெல்லாம் அதுக்குத் தொணைக்கு வந்தது. ரெண்டு வாய் தின்னா ஒரு சட்டி தின்ன மாதிரி அடைச்சிக்கும். அப்பறம் நெஞ்சுல எரிச்சல். அப்பறம் ஒரு ஏப்பம் வரும் பாருங்க... எங்க லயத்து வரிசை வீட்டுல அடிக்காம்பராவுல ஏப்பம் வுட்டா கடைசிக்காம்பராவுல புள்ள முழிச்சிக்கும். அந்தக் காலத்துல விடியக்காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்கு ஆளுகளக் கூப்புட தப்பு அடிப்பாங்கல்ல? எங்க வீட்டுக்காரி ராசம்மா சொல்லுவா, 'தப்புக்காரன நிப்பாட்டிட்டு ஒங்களக் கொண்டுபோயி பெரட்டுக்களத்துல நிக்க வச்சிருக்கலாம்'னு. அவளுக்கு வாயி கொஞ்சம் நீளம். எனக்கு அப்புடியில்ல, நான் அளந்து பேசுற ஆளு.

பாக்காத வைத்தியமா? தோட்டத்து டிஸ்பென்சரியில வெள்ளத் தண்ணி மருந்து. அட்டன்ல மாத்திர. கண்டியில வாய் வழியா கொழாய் வுட்டுப் பாத்தாங்க, எனக்கு உசுரே போயிருச்சு. பாத்துட்டு ஒன்னுமில்லங்கிறாங்க! புண்ணு இல்லயாம், கல்லு இல்லயாம். எனக்கு வந்த கோவம்... ஏதாச்சும் ஒன்னு இருந்தாத்தானேங்க மனுசனுக்கு மரியாத? ராசம்மாகிட்ட என்னான்னு சொல்றது? அவ ஆரம்பத்துலருந்து ஒரே பாட்டுதான் பாடுவா, 'ஒங்க நோவு வயித்துல இல்ல, வாயில இருக்கு. காலையில எந்திரிச்சோடனே மிளகாச் சம்பலும் ரொட்டியும், மத்தியானம் கருவாடு, பொழுதுக்கும் வெத்தல, பொழுது சாஞ்சா...' சரி, அத வுடுங்க. ஒங்க முன்னால சாராயப் பேச்சு எதுக்கு.

அப்பதான் அட்டன்ல அந்த ஊசிக் கிளினிக் தொறந்தாங்க. டொக்டர் நிரூபான்னு ஒரு அம்மா. யாழ்ப்பாணத்துக்காரங்க, சீனாவுக்குப் போயி ஊசி குத்தப் படிச்சிட்டு வந்தவங்க. தங்கமான அம்மா. என்னோட கதையப் பூரா கேட்டாங்க. வெளிய வரிசையில நின்னதுகதான் கத்துச்சுக. கேட்டுட்டு சொல்றாங்க, 'ஐயா, உங்கட வயித்தில ஒண்டுமில்ல. உங்கட மூளைதான் வயித்தை ஓயாமப் பாத்துக்கொண்டிருக்குது' அப்புடின்னு.

எப்புடி இருக்கு? வயித்து நோவுன்னு போனா மூளையங்கிறாங்க! ஆனா அவுங்க வெளக்கிச் சொன்னப்ப ஞாயந்தான்னு பட்டுச்சு. இப்ப மலையில கொழுந்து எடுக்குறவ பின்னாலயே வேல வாங்குற ஒரு கண்டாக்கு நின்னுக்கிட்டு, 'ஏய் அங்க என்னா, ஏய் இங்க என்னா'ன்னு கத்திக்கிட்டே இருந்தா அவளுக்குக் கை ஓடுமா? அதே மாதிரி மூளைக்குள்ள ஒரு எடம் வயித்துக்குப் பின்னாலயே நின்னு கத்திக்கிட்டு இருக்காம். லேசா ஒரு உப்பல் வந்தாக்கூட 'ஐயோ போச்சு'ன்னு கத்துமாம். சரியான எடத்துல ஊசி குத்துனா அந்தக் கண்டாக்கு கொஞ்ச நேரம் ஒக்காந்துருவாராம். அது மெய்யான்னு பாக்கத்தான் ஆராய்ச்சி. ஊசிக்கு முன்னால கொழும்புல ஒரு மிசினுக்குள்ள வுட்டு மூளையப் படம் எடுப்பாங்க, ஒரு மாசம் குத்துனதுக்கப்பறம் திரும்ப எடுப்பாங்க. ராசம்மா என்னா சொன்னா தெரியுமா? 'மூளை இருக்குன்னு படம் குடுத்தாங்கன்னா அதுவே போதும், சட்டம் போட்டு மாட்டிருவோம்.' பாத்தீங்களா வாய?

ஆங், வட்டவளை வந்துருச்சு. குளுருதில்ல? குளுரு வந்தாலே வாயி ஏதாச்சும் கேக்கும்... வேணாங்க. அட, மொகத்துக்கு நேரா நீட்டுறீங்களே. இப்ப வேணாம்னு சொன்னா ஒங்களுக்கு மரியாத இல்ல. சரி, ஒன்னே ஒன்னு. ம்... ம்ம்... ஒரு மாசத்துக்கப்பறம் எறால் நாக்குல படுது மொதலாளி. கண்ணு கலங்கிருச்சு எனக்கு. ஒரப்புனால இல்ல. அந்த மிளகாயும் எனக்கா? குடுங்க குடுங்க.

ஏன் ஒரு மாசமா? அதத்தானே சொல்ல வாறேன், நீங்க குறுக்க குறுக்க பேசுறீங்க.

ஊசின்னா என்னாங்க? சும்மா காரியமா? வாலிப வயசுல வருசா வருசம் எங்க மாரியம்மன் திருவிழாவுக்கு அலகு குத்துனவன் நான். நாக்குல வேலு, முதுகுல கொக்கி, சொட்டு ரத்தம் வராது. ஒடம்புல இரும்பு ஏறணும்னா மொதல்ல ஒடம்பு சுத்தமா இருக்கணும். இல்லாட்டி அம்மா சும்மா வுடுவாளா? சீனாக்காரன் ஊசியா இருந்தா என்னா, ஊசி ஊசிதானே. அதனால மொத நாள் கிளினிக்குக்குப் போறதுக்கு முந்தியே குளிச்சி, மஞ்ச நூலு எடுத்து, கையில காப்பு கட்டிட்டேன். அதோட எல்லாம் கட். கறி இல்ல, கருவாடு இல்ல, மிளகா இல்ல, வெத்தல இல்ல, சாராயம் அறவே இல்ல. ஒரு நேரம் சோறு, மரக்கறி, ராவைக்குக் கொஞ்சம் பாலு. தரையில பாய். நீங்க நோம்பு புடிக்கிறவரு, ஒங்களுக்குத் தெரியும். நோம்புன்னா ஒரு மாசம் கழிச்சிப் பெருநா வந்துரும். எனக்கு என்னா வந்துச்சு? பொய் ஊசி!

அதாங்க என் வயித்தெரிச்சல். பாதிப் பேருக்கு சரியான எடத்துல குத்துவாங்களாம், பாதிப் பேருக்கு வேணும்னே தப்பான எடத்துல. யாருக்கு எதுன்னு கம்பியூட்டர்ல சீட்டுப் போட்டு எடுப்பாங்களாம். அப்பதான் ஊசியால சொகமாச்சா, ஊசி குத்திக்கிட்டோம்ங்கிற நெனப்பால சொகமாச்சான்னு தெரியுமாம். குத்துறவரு வேற, அவரு வாயத் தொறக்க மாட்டாரு. டொக்டர் அம்மாவுக்கே நேத்து வரைக்கும் தெரியாதாம். 'இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மா'ன்னேன். 'சொன்னனே ஐயா, நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்' அப்புடிங்கிறாங்க. நான் பேசிக்கிட்டிருந்தேனாம்! சொல்லுங்க மொதலாளி, நான் அப்புடிப்பட்ட ஆளா?

பொய் ஊசிக்கு உண்மை விரதம்! ஒரு மாசம் கறி போச்சு. கீழ்வீட்டுல பன்னிக்கறி கொதிச்ச வாசம்... ஐயோ, மன்னிச்சிக்கிங்க மொதலாளி, ஆட்டுக்கறி. ஆட்டுக்கறின்னே வச்சிக்குவோம். நான் மூக்கப் பொத்திக்கிட்டுப் பாயில பெரண்டேன். அதையெல்லாம் யாரு திருப்பித் தருவா?

என்னா? சொகமாச்சான்னா? அது ஆச்சுங்க. அதுல ஒன்னும் கொறயில்ல. ஒரு கெழமையிலயே எரிச்சல் நின்னுருச்சு. ஏப்பம் அறவே இல்ல. ராசம்மா ராவுல எந்திரிச்சி மூக்குல கைய வச்சிப் பாத்தா, சத்தமே காணோமே, ஆளு இருக்கானான்னு. ஆனா மொதலாளி, சொகமானது வேற, ஏமாத்துனது வேற.

இன்னொரு வடை... நீங்க சாப்புடலயே? ஆறிப்போனா இறுகிரும். நான் எடுத்துக்கட்டுமா? விரதம் முடிஞ்சிருச்சுங்க, சந்தேகமே வேணாம். காப்ப ஓடுற தண்ணியில வுடணும்ல, காலையில களனி ஆத்துப் பாலத்துல ரயிலு போறப்ப அவுத்து சன்னலால எறிஞ்சிட்டேன். ஆத்தா, பொய் ஊசிக்கு மெய்யா இருந்த விரதம் இது, வேற எதுக்காச்சும் கணக்குல வச்சிக்கன்னு சொல்லித்தான் எறிஞ்சேன்.

அந்த மிசினு கதைய கேளுங்க. ஒரு வெள்ளக் கொழாய். அரணாக்கயித்துலருந்து எல்லாத்தையும் கழட்டச் சொல்லிருவாங்க. காப்பு வெறும் நூலுதான்னு வுட்டுட்டாங்க. தலைய இறுக்கி வச்சிட்டு உள்ள தள்ளுவாங்க. அசையக் கூடாது, அசைஞ்சா படம் கெட்டுரும். உள்ள போனோடனே சத்தம். டக்கு டக்கு டக்கு, டங்கு டங்கு டங்குன்னு. மொதத் தடவ எனக்குப் பயம், வயித்துல உப்பல் வேற, இந்த எடத்துல ஏப்பம் வந்தா கொழாயே வெடிச்சிருமோன்னு அதையே நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன். அந்தப் படத்துல கண்டாக்கு எடம் செவப்பா எரியுதாம்.

ரெண்டாந் தடவ முந்தாநாளு. ஒரு மாசம் காப்புக் கட்டுன ஒடம்பு. உள்ள தள்ளுனாங்க. அதே சத்தம்தான். ஆனா மொதலாளி... என் காதுக்கு அது தப்பு அடிக்கிற மாதிரி கேட்டுச்சு! எங்க கோயிலு வாசல்ல அலகு குத்துறப்ப அடிப்பாங்க பாருங்க, அச்சொட்டா அந்த அடி! ஒடம்பு சிலுத்துருச்சு. மாரியம்மா என் மேல எறங்கிட்டா. எறங்குனவள மிசினுக்குள்ள வச்சிக்கிட்டு என்னா பண்றது? அசையக் கூடாதுன்னு டொக்டர் அம்மா சொல்லியிருக்காங்களே. அதனால அசையாமலே ஆடுனேன். நீங்க அசையாம ஆடியிருக்கீங்களா? ரொம்பக் கஷ்டம்.

வெளிய வந்தா, படத்தப் பாத்துட்டு டொக்டர் அம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாங்க. கண்டாக்கு எடம் கப்புன்னு அணைஞ்சிருக்காம். வேற எங்கயோ திருவிழா வெளக்குப் போட்ட மாதிரி எரியுதாம். வேற யாருக்குமே அப்புடி வரலயாம்! பெரிய பேராசிரியரு ஒருத்தரு வந்து பாத்துட்டு, என்னையயும் ஒரு பார்வ பாத்துட்டுப் போனாரு. நேத்துச் சீட்டப் பிரிச்சுப் பாத்தோடனே, பொய் ஊசிக்காரனுக்கு எப்புடி இவ்வளவு மாத்தம்னு அவுங்களுக்குள்ள இங்கிலீசுல ஒரே சண்ட. அந்த அம்மா என்கிட்ட வந்து, 'ஐயா, வேற மருந்து ஏதும் எடுத்தனீங்களோ?'ங்கிறாங்க. இல்லன்னேன். 'சாப்பாட்டில ஏதும் மாத்தினனீங்களோ?' இல்லங்க, வீட்டுச் சாப்பாடுதான்னேன். 'உள்ளுக்க இருக்கேக்க என்ன யோசிச்சனீங்கள்?' ஒன்னும் யோசிக்கலன்னேன். அருள் வந்தவன் எங்கங்க யோசிக்கிறது?

என்னா? விரதத்தச் சொல்லலயான்னு கேக்குறீங்களா? அவுங்க கேட்டது சாப்பாட்டப் பத்தி. விரதம் சாப்பாட்டு விசயமா? சாமி விசயமில்ல? கேக்காதத எதுக்கு நாஞ் சொல்லணும்? நான்தான் அளந்து பேசுற ஆளுன்னு சொன்னேனே. என்னா சொல்றீங்க... ஒங்க வாப்பாவுக்கும் நெஞ்செரிச்சலா? நோம்பு மாசத்துல மட்டும் கொறைஞ்சிருமா? ஆங், ஆங். அது வேறங்க மொதலாளி. இது மூளை.

அட்டன் தாண்டிட்டோம். இந்தா, சிங்கமலைச் சொரங்கம் வந்துருச்சு. ஓ... கும்மிருட்டு. சன்னலச் சாத்துங்க, பொகை வரும். ம்... ம்ம்... என்னா? இல்ல, நான் ஒன்னும் பேசலயே. ம்... ஆங், வெளிச்சம் வந்துருச்சு. என்னா மொதலாளி, பைய அப்புடிக் குனிஞ்சி பாக்குறீங்க? இருட்டுல எங்கயாச்சும் உருண்டிருக்கும். இந்த ரயிலு குலுக்குற குலுக்குக்கு மனுசனே உருண்டுருவான். வாயத் தொடைச்சிக்கிறேன், கரிப்பொகை.

நீங்க நெனப்பீங்க, இவன் என்னா தின்னுறதுக்கே பொறந்தவன் மாதிரி பேசுறான்னு. அப்புடியில்லங்க. மூத்த மக கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ள வீட்டுக்குக் கறிச்சோறு போட்டோம். ஊருக்கெல்லாம் எல போட்டாச்சு. நான் ரெண்டு வாய்தான் வச்சேன், அடைச்சிருச்சு. சம்மந்திமாரு முன்னால ஏப்பம் வேற. ராசம்மா என்னையக் கூட்டிக்கிட்டுப் போயி பின்காம்பராவுல வுட்டு, ஓமத்தண்ணியக் கையில குடுத்துட்டுக் கதவச் சாத்திட்டா. வெளிய எல்லாரும் சிரிக்கிறாங்க, 'சம்மந்தி எங்க, சம்மந்தி எங்க'ன்னு கேக்குறாங்க. நான் உள்ள ஒக்காந்து அழுதேங்க மொதலாளி. மெய்யாத்தான் சொல்றேன், அழுதேன்.

இப்ப சின்னவளுக்கு வாற கெழம கல்யாணம். மீனம்மா. மாப்பிள்ள நல்லதண்ணி ஊருக்காரரு, சாமி மலை ஏற சனம் வாற சீசனுக்குக் கடை போடுற குடும்பம். இவ கறிச்சோத்துலயாச்சும் நான் எல்லாரோடயும் ஒக்காந்து திங்கணும். அதுக்குத்தான் இந்த ஊசி, இந்த மிசினு, எல்லாம். ராசம்மா பந்தயம் கட்டியிருக்கா. 'கொழும்புக்குப் போயிட்டு வாங்க. ஒரு ஏப்பம் இல்லாம வந்து ஸ்டேசன்ல எறங்குனீங்கன்னா மாப்பிள்ளைக்குப் பக்கத்துல மொத எல ஒங்களுக்கு. ஏப்பம் வந்துச்சோ, பின்காம்பராவும் கஞ்சியும்தான்.' ஸ்டேசனுக்கே வாறேன்னு இருக்கா, கையில ப்ளாஸ்க்கோட. ப்ளாஸ்க்குல என்னான்னு நெனக்கிறீங்க? கஞ்சிதான்! அவ்வளவு நம்பிக்க என் மேல!

டொக்டர் அம்மா வேற, 'விருப்பமெண்டால் இனிச் சரியான இடத்தில குத்திவிடுறம்'னாங்க. வேணவே வேணாம்னுட்டேன். மெய் ஊசின்னா திரும்பக் காப்புக் கட்டணும். காப்புக் கட்டிக்கிட்டு மக விருந்துல கறி திங்கிறது எப்புடி? அதான் சொகமாயிருச்சே, பொய் ஊசியோ மெய் ஊசியோ. இனிமே எதத் தின்னாலும் ஒன்னும்... ஒன்னும்...

இருங்க. ஒரு நிமிசம்.

ஒன்னுமில்ல. நெஞ்சுல சும்மா... சென்கிளயர் அருவி தெரியுது பாருங்க, அழகா இருக்குல்ல? நீங்க பாருங்க, நான்... ஸ்ஸ்... எரியுதுங்க. மொதலாளி, எரியுது. இந்தா, இங்கருந்து தொண்ட வரைக்கும். இதென்னா இது? ஒரு மாசமா இல்லாதது? காலையில வரைக்கும் இல்லயே! காலையில நான் என்னா பண்ணேன்? ஒன்னும் பண்ணலயே, காப்ப அவுத்து...

நில்லுங்க. ஒங்க வாப்பாவுக்கு நோம்பு மாசத்துல என்னா ஆகும்னீங்க?

எரிச்சல் கொறையுமா... பகல்ல திங்காததுனாலயா...

ஐயோ.

அப்ப மெய் ஊசியும் இல்ல. பொய் ஊசியும் இல்ல. ஒரு மாசம் மிளகாயும் கருவாடும் வெத்தலையும்... அடப் பாவி மனுசா! இத மொதல்லயே அழுத்திச் சொல்றதுக்கென்னா ஒங்களுக்கு? சொன்னீங்களா? எப்ப? சரி, சொன்னீங்க, சொன்னீங்க. அந்த அம்மா பாவம், என் மூளைப் படத்தத் தூக்கிக்கிட்டு வெளிநாட்டுக் கூட்டத்துக்குப் போகப் போறேன்னாங்களே. ராசம்மாவ எந்த நாட்டுக்குக் கூப்புட்டாலும் இதத்தானே சொல்லியிருப்பா, ஒரு படமும் எடுக்காம!

தலவாக்கலை வந்துருச்சு. மொதலாளி, ஒரு ஒதவி. அந்தா மேடையில, பச்சச் சேல, தலையில துண்டு, கையில ப்ளாஸ்க்கு... அவதான். அவளுக்கு இதெல்லாம் தெரியக் கூடாது. வாயில எறால் வாசம் வருதா, பாத்துச் சொல்லுங்க. ஊதட்டுமா? வேணாமா? சரி. வயித்த இறுக்கிப் புடிச்சிக்கிறேன். எறங்கி, சிரிச்சி, ரெண்டு வார்த்த பேசிட்டு ரோட்டுக்குப் போயிட்டேன்னா தப்பிச்சேன். மொத எல எனக்குத்தான். வாறேங்க, வாறேன். நல்லாப் பேசிக்கிட்டு வந்தீங்க.

ஆங், ராசம்மா! நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன். ஒன்னுமே இல்ல, கல்லு மாதிரி இரு... இரு...

ஏஏஏவ்வ்வ்!

அது... அது நானில்ல! சாமி சத்தியமா நானில்ல ராசம்மா! அந்தா, சன்னல்ல ஒக்காந்திருக்காரு பாரு, ஹமீத் மொதலாளி, அவருதான்! நாவலப்பிட்டியிலருந்து வடையாத் தின்னுக்கிட்டு வாறாரு, நாஞ் சொன்னேன், கேக்கல. மொதலாளி, சொல்லுங்களேன்! நீங்கதான்னு ஒரு வார்த்த! ஏங்க சிரிக்கிறீங்க? இவ்வளவு நேரம் பேச வுடலன்னு கோவமா? இந்தா, இப்பப் பேசுங்க, இப்ப நான் வாயே தொறக்கல! கார்டு வேற கொடி காட்டிட்டான்... மொதலாளி! என் மக விருந்துங்க! ஒரே ஒரு வார்த்த...

ஐயய்யோ, அந்தக் காலிப் பைய ஏன் தூக்கிக் காட்டுறீங்க!